இடப்பக்கக் கதவின் துரு

மலர்க்கொடியின் ஆம்னி வேனில், இடப்பக்கத்துத் தள்ளுகதவின் அடியில் மறுபடியும் கொப்புளம் கிளம்பியிருந்தது. வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே அம்மை போட்ட மாதிரி பெரிதாக ஒன்று, பக்கத்தில் சின்னதாக இரண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். படக்கென்று உடைந்து, உள்ளேயிருந்து செங்கல் பொடி நிறத்தில் துரு கொட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விரல் அந்தப் பக்கம் போய்விடும் போலிருந்தது. இது மூன்றாவது தடவை. இரண்டு தடவை பெரம்பலூருக்குக் கொண்டுபோய் டிங்கரிங் பூங்காவனத்திடம் விட்டு, பட்டி வைத்து பெயிண்ட் அடித்து வந்தாயிற்று. வலப்பக்கக் கதவோ வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே வெயில். இந்தப் பக்கம் மட்டும் ஏன் இத்துப்போகிறது?

ஏன் என்று கேட்டுவிட்டால் மலர்க்கொடிக்கு அப்புறம் சோறு இறங்காது. வயது நாற்பத்தெட்டு. அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டோரம் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மூன்று பெரிய கிரைண்டர்கள். அரைத்த இட்லி மாவைப் பாக்கெட் போட்டு, அண்டாக்களில் அடுக்கி, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அரியலூர் டவுனில் முப்பது கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் மாவுக்காரக்கா என்று கேட்டால் தெரியாதவர் கிடையாது. வயல் கூலிக்குப் போன அம்மாவுக்குப் பிறந்து, பதிமூன்று வயதில் தானும் நடவுக்குப் போய், கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு சின்ன கிரைண்டரில் தொடங்கியவள். மார்கழியில் மாவு ஏன் சோம்பேறித்தனமாகப் பொங்குகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு மாதம் முழுக்க அண்டாவுக்கு அண்டா வேறு வேறு துணி சுற்றிப் பார்த்தவள். அவள் புருஷன் ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். "எங்க வூட்டுல மாவுகூட பதில் சொல்லிட்டுத்தான் புளிக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இந்தத் துரு விஷயத்தில் மட்டும் அவள் கேள்வி கேட்கவில்லை. பதில் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பதிலுக்குப் பெயர் கடல்.

வண்டி அவள் தம்பி அறிவரசனுடையது. கடலூரில் மீன்வலைக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தபோது அவன் ஓட்டிய வண்டி. ஊர் திரும்பியபோது, மொபெட்டில் மாவு அண்டாவைக் கட்டிக்கொண்டு அக்கா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவளுக்கே கைமாற்றிக் கொடுத்தான். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருஷம் முதல் கொப்புளம் வந்தது. பார்த்தவர்களில் யாரோ, "கடலூர் நம்பரா? உப்புக்காத்து தின்ன வண்டி அப்புடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவருக்கு வாய், கேட்டவளுக்குக் காது. அந்த வார்த்தை மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்த வார்த்தை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா வீட்டுக் காதுகுத்தில், பந்தியில், அத்தனை சொந்தக்காரர்களும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்துவிட்டது. "தம்பின்னு நம்புனேன். கடக்காத்து அரிச்ச வண்டிய என் தலையில கட்டிட்டான்." அறிவரசன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தான். "எங்கிட்ட இருந்த ஏழு வருசமும் ஒரு பொட்டுச் செவப்பு இல்லக்கா" என்றான். "உள்ளுக்குள்ள இருந்திருக்கும், நீ மறைச்சிருப்ப" என்றாள் இவள். அவன் கையைக் கழுவிவிட்டு வெளியே போய், வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து கதவின் அடியைப் பார்க்கப் போனான். மலர்க்கொடி பின்னாலேயே ஓடினாள். "இனிமே என் வண்டியில கை வெக்காத." அவ்வளவுதான். பாதிச் சாப்பாட்டோடு போனவன் இரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. இவளும் அவன் வாசலை மிதிக்கவில்லை.

கொப்புளத்தை உடைத்த அதே காலையில்தான் போன் வந்தது. அறிவரசனின் மனைவி கலையரசி.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? ஆண்டிமடத்துல வூடு கட்டி முடிச்சிட்டோம். தை இருபத்திரண்டு பால் காய்ச்சுறோம். நீங்க வந்துதான் அடுப்பு பத்த வெக்கணும்."

"உம் புருசன் சொல்லச் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லலைங்கண்ணி. ஆனா, உங்க அக்கா வரலன்னா அடுப்ப யாரு பத்த வெக்கிறதுன்னு கேட்டேன். அடுப்பு அப்புடியே இருக்கட்டும்னாரு."

புது வீட்டில் கூடப் பிறந்தவள் பால் காய்ச்சுவது அவர்கள் பக்கத்து வழக்கம். கூடப் பிறந்தவள் உயிரோடு இருந்தும் வரவில்லை என்றால், அந்தப் பேச்சு சுவர் காய்வதற்குள் ஊர் சுற்றிவிடும். மலர்க்கொடிக்கு அது தெரியாதா என்ன. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டு, அவன் வீட்டில் போய் எந்த முகத்தோடு தீக்குச்சி கிழிப்பது? "பாப்போம்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

ராசாங்கம் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போறியா?" என்றார்.

"கதவுத் துருவ நானே தேச்சுப் பாக்கப் போறேன். உள்ள கடலுப்பு இருந்துச்சுன்னா போவமாட்டேன். அவன் மேல தப்பு இல்லன்னா போவேன்."

"உப்பு இருக்கா இல்லையான்னு எப்புடிக் கண்டுபுடிப்ப? நக்கிப் பாப்பியா?"

"ஆமா. நக்கித்தான் பாப்பேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஆயிரம் கிலோ மாவுக்கு உப்பு போட்ட கை, அதைச் சரிபார்த்த நாக்கு. கொட்டின துருவில் ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மண்ணும் ரத்தமும் கலந்த ஒரு ருசி. உப்பு தட்டவில்லை. ராசாங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆறு வருச மழையில உப்பு கரைஞ்சு போயிருக்கும்" என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சி தேடுகிறவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்!

அன்று மதியமே வேலையைத் தொடங்கினாள். வேலையை அவளுக்குத் தெரிந்த விதத்தில்தான் தொடங்கினாள், தப்பும் அங்கேதான் நடந்தது. குத்துவிளக்கு கறுத்தால் என்ன செய்வோம்? புளியும் உப்பும். செம்புக் குடத்துக்கு? புளியும் உப்பும். அப்படியானால் கதவுக்கு? ஒரு உருண்டைப் புளியை ஊறவைத்து, கல்லுப்பு சேர்த்து, தேங்காய் நாரால் கதவைத் தேய்தேய் என்று தேய்த்தாள். துரு கரைந்து ஓடியது. அடியில் தகரம் வெள்ளி மாதிரி மின்னியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை அடித்துவிட்டு, பூங்காவனம் ரெண்டு தடவையில் செய்யாததை ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள்.

ஒன்பதாவது நாள் கொப்புளம் மூன்று இருந்த இடத்தில் பதினொன்று.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, மாவு கொடுத்த கையோடு வண்டியைப் பெரம்பலூருக்கு விட்டாள். பூங்காவனம் ரோட்டோரப் பட்டறையில் ஒரு காரின் அடியிலிருந்து தலையை நீட்டினார். கதவைப் பார்த்தார். முகர்ந்தார்.

"என்னா மாவுக்காரம்மா, ரசம் வாசன வருது?"

சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஏம்மா, இது என்னா குத்துவெளக்கா? பித்தளைக்குப் புளி, சரி. இரும்புக்கு உப்பும் புளியும் வெச்சா, துருவுக்கு விருந்து வெச்ச மாதிரி. மடிப்புல போயி உக்காந்த உப்பு கழுவுனா போவுமா? அதுக்கு மேல பெயிண்ட அடிச்சு மூடிட்டீங்க. அது உள்ளயே குடும்பம் நடத்துது."

"அப்ப எப்புடித்தான் செய்யுறது?"

"கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் போட்டு, ஈரமே படாம வெள்ளத் தகரம் தெரியிற வரைக்கும் தேய்க்கணும். தின்னர்ல தொடைக்கணும். தொடைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சிரணும். மார்கழிப் பனி பொல்லாதது, ஒரு ராத்திரி தகரத்தத் தொறந்து போட்டீங்கன்னா காலையில செவந்துரும்." அவர் விரலால் கொப்புளங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஆனா ஒண்ணு. இது வெளியேருந்து வந்த துரு இல்ல. உள்ளேருந்து வெளிய வருது. நான் ரெண்டு தடவையும் வெளியத்தான் பாத்தேன், உள்பலகையக் கழட்டல. அது என் தப்புதான்."

"உள்ளேருந்துன்னா? கடலுப்பா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா."

தெரியாது என்று ஒரு தொழில்காரன் வாயால் கேட்டதும் மலர்க்கொடிக்குள் அத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த கேள்வி எழுந்து உட்கார்ந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு ஞாபகம். எட்டாவது படிக்கும்போது சயின்ஸ் டீச்சர் மூன்று பாட்டில்களில் ஆணி போட்டு ஜன்னலில் வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் கொதிக்க வைத்த தண்ணீருக்கு மேலே எண்ணெய். "ஏழு நாள் கழிச்சு எது துருப்புடிக்குதுன்னு பாப்போம்" என்றார். நாலாவது நாள் அம்மா அவளைத் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து வந்தபோது ஜன்னலில் பாட்டில் இல்லை. அவளும் அப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. சில வருஷம் கழித்து அறிவரசன் எட்டாவதுக்கு வந்தபோது, அந்த ஆணி என்னடா ஆச்சு என்று கேட்டாள். "அந்தப் பாடத்த நடத்தவே இல்லக்கா" என்றுவிட்டான் அவன். முப்பத்தைந்து வருஷமாக அந்த மூன்று ஆணிகளும் அவள் மனசில் ஜன்னலோரம் அப்படியே இருந்தன.

மறுநாள் கிரைண்டர் கொட்டகையின் ஜன்னலில் பாட்டில்கள் வந்தன. மூன்று அல்ல, நாலு. டீச்சர் வைத்த மூன்றோடு, நாலாவதாகப் புளித்த மாவுத் தண்ணீர். அது மலர்க்கொடியின் சொந்தச் சரக்கு. நாலு புது ஆணி. ஆணிகளைப் பாதி உயரத்துக்கு மூழ்கும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டாள். எண்ணெய் ஊற்றின பாட்டிலில் மட்டும் முழுக்க மூழ்கடித்தாள். தினமும் மாவு ஏற்றிவிட்டு வந்து ஐந்து நிமிஷம் பார்ப்பாள். ராசாங்கமும் லாரியிலிருந்து வந்ததும், "உன் பள்ளிக்கூடம் எப்புடி நடக்குது?" என்று கேட்டுவிட்டு, கூட நின்று பார்ப்பார்.

ஏழாம் நாள் வந்தது. எண்ணெய்க்கு அடியிலிருந்த ஆணி கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. மாவுத் தண்ணீர் ஆணி கறுத்திருந்தது. உப்புத் தண்ணீர் பாட்டில் அடியில் செக்கச்செவேலென்று வண்டல், ஆணி முழுக்கச் சிவப்பு. மலர்க்கொடி கையைத் தட்டினாள். "பாத்தீங்களா? உப்புதான்! கடலுதான்! நான் சொன்னது சரி."

"அப்ப ஆண்டிமடம் போவல?"

"போவல."

சொல்லிவிட்டாளே தவிர, ஜெயித்தவள் முகமாக அது இல்லை. கையைத் தட்டின சத்தம் அடங்குவதற்குள் மனசு கனத்துவிட்டது. உள்ளூர அவள் தோற்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள். அதை அவளிடமே சொல்ல ஆள் இல்லை.

பாட்டில்களைக் கழுவி வைக்கலாம் என்று எடுத்தாள். வெறும் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்கப் போனவள், கையை நிறுத்தினாள். அந்த ஆணி முழுக்கத் துருப்பிடிக்கவில்லை. தண்ணீருக்கு மேலே பளபளப்பு, அடியில் லேசான மங்கல். தண்ணீர் நின்ற மட்டத்தில் மட்டும், அளவெடுத்துக் கோடு போட்ட மாதிரி, சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம். அவள் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினொரு கொப்புளங்கள். இத்தனை நாள் அவை தாறுமாறாக இருப்பதாக நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே வரிசை. கதவின் அடியிலிருந்து சரியாக மூன்று விரல் உயரம். காற்றில் வந்த உப்பு கோடு போட்டுக்கொண்டா உட்காரும்? கோடு போடுவது ஒன்றே ஒன்றுதான். நிற்கிற தண்ணீர்.

"கதவுக்குள்ள தண்ணி நிக்குதுங்க!" என்று கத்தினாள்.

ராசாங்கம் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தார். உள்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்தார்கள். கதவின் வயிற்றுக்குள் சாம்பல் நிறத்தில் சேறு. சிமெண்ட் ஊருக்கே உரிய தூசி, ஜன்னல் ரப்பர் வெடிப்பு வழியாக இறங்கின தண்ணீரோடு சேர்ந்து குழம்பாக நின்றது. தினமும் மாவு ஏற்றி இறக்குவது இடப்பக்கம். மாவு சிந்தினால் பைப்பை வைத்துக் கழுவுவதும் இடப்பக்கம். தண்ணீர் உள்ளே வந்தது எப்படி என்று தெரிந்துவிட்டது. வந்த தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை? எந்த வண்டிக் கதவாக இருந்தாலும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும் என்று ராசாங்கம் சொன்னார். லாரிக் கதவில்கூட உண்டு. அவர் மல்லாந்து படுத்து அடியில் டார்ச் அடித்தார். "ஓட்டை இருக்கு. ஆனா அடைச்சிருக்கு."

"யாரு அடைச்சது?"

அவர் ஸ்குரூ டிரைவரால் நெம்பி, காய்ந்து கல்லாகிப் போன ஒரு சாம்பல் நிற உருண்டையைப் பெயர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் பிசைந்து அடைப்பார்களே, அந்தப் பசை. அதன் மேல் ஒரு கட்டைவிரல் அழுத்தின தடம் இருந்தது. தடத்தின் குறுக்கே ஒரு கோடு.

மலர்க்கொடி தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பதினாலு வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் போட்ட வெட்டு, குறுக்கே, அதே சாய்வில்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வண்டி வந்த முதல் கோடைகாலம். அப்போதெல்லாம் பாக்கெட் கிடையாது, அண்டாவில் அப்படியே மாவு போகும். ரோட்டில் கல் லாரி போகப் போக வெள்ளைப் புழுதி வண்டிக்குள் ஏறியது. ஒரு ஹோட்டல்காரர் கடை வாசலில் நிறுத்தி, "மாவுல மண்ணு கடிக்குதும்மா" என்றார். அதைவிடப் பெரிய அவமானம் அவளுக்கு உண்டா? அன்று மத்தியானமே வண்டிக்கு அடியில் படுத்து, கதவிலும் தரையிலும் கண்ணில் பட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் தேடித் தேடி, பசையைப் பிசைந்து, விரலால் அழுத்தி அடைத்தாள். ஓட்டை என்றால் அடைக்க வேண்டியது என்றுதான் அவளுக்குத் தெரியும். ஓட்டையைக்கூட வேண்டும் என்றே ஒருத்தன் போட்டிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? வலப்பக்கக் கதவையும் அடைத்துத்தான் இருந்தாள். அந்தப் பக்கம் ஜன்னல் ரப்பர் நன்றாக இருந்ததால் தண்ணீர் இறங்கவில்லை, தப்பித்தது.

"அந்தப் பசைய டவுன்லேருந்து வாங்கியாந்து குடுத்தவன் நாந்தான்" என்றார் ராசாங்கம்.

அவள் சிரிக்கவில்லை. கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போன தம்பியின் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் அன்றைக்குக் குனிந்து பார்க்கப் போனானே. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பார்க்க விடாதவள் இவள்தான். தப்பையும் செய்து, அதைப் பார்க்க வந்தவனையும் விரட்டிவிட்டு, இரண்டு வருஷம் நியாயம் பேசியிருக்கிறாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"போன் பண்ணி சொல்லிரு" என்றார் ராசாங்கம்.

"பந்தியில சொன்னத போன்ல திருப்பி வாங்க முடியாதுங்க" என்றாள்.

அப்புறம் நடந்தது வேலை. தை பிறந்துவிட்டது. பனி விலகி வெயில் ஏறின பிறகு தொடங்கி, வெயில் சாய்வதற்குள் நிறுத்திவிடுவாள். மிச்ச ஓட்டைகளையும் நெம்பித் திறந்து, உள்ளே அடைத்திருந்த சேற்றைக் குத்திவிட்டாள். இடக்கதவிலிருந்து ஒரு சொம்பு நிறைய செந்தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. அடிப்பக்கம் இரண்டு இடத்தில் தகரமே இல்லை. அதை மட்டும் வெல்டிங் பட்டறையில் வெட்டி, புதுத்தகடு வைத்து ஒட்டி வாங்கி வந்தாள். மற்றதெல்லாம் அவள் கை. பூங்காவனம் சொன்ன மாதிரியே கம்பி பிரஷ், உப்புத்தாள், தின்னர், ரெட் ஆக்சைடு. ஒரே ஒரு நாள், கடைக்காரர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டதால் தேய்த்த தகரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்திருந்தது. திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள்.

வெளியே பெயிண்ட் அடிக்கலாம், உள்ளே கை போகாத இடத்துக்கு என்ன செய்வது? இதற்கு அவளுக்கு அடுப்படியிலிருந்து பதில் கிடைத்தது. தினம் எண்ணெய் காண்கிற தோசைக்கல் துருப்பிடிப்பதில்லை, கழுவிக் கவிழ்த்து வைத்ததுதான் பிடிக்கிறது. ஜன்னல் பாட்டிலில் எண்ணெய்க்கு அடியிலிருந்த ஆணியும் அதையேதான் சொன்னது. ஆனால் வெறும் எண்ணெய் வெயிலில் வழிந்துவிடும். விளக்கெண்ணெயில் மெழுகுவர்த்தியைப் போட்டு இளஞ்சூட்டில் உருக்கி, குச்சியில் துணி சுற்றி, கதவின் வயிற்றுக்குள் மூலை முடுக்கெல்லாம் பூசினாள். ஆறினதும் அது வெண்ணெய் மாதிரி பிடித்துக்கொண்டது.

கடைசியாக மிஞ்சியது ஓட்டை. திறந்து வைத்தால் புழுதி, அடைத்தால் துரு. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு மாவு கொடுத்தாள். மூன்றாம் நாள் பழைய சைக்கிள் டியூபைச் சின்னச் சின்ன நாக்காக வெட்டி, ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டினாள். உள்ளேயிருந்து தண்ணீர் வந்து தள்ளினால் நாக்கு திறக்கும். வெளியேயிருந்து புழுதி வந்தால் மூடிக்கொள்ளும். கதவுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். நாக்கு தூக்கிக்கொண்டு தண்ணீர் சளசளவென்று கொட்டியது. அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். அப்புறம் இன்னொன்று. ராசாங்கம் வந்து, "போதும்டி, கதவு நெறமாசமா இருக்கா, இத்தன தண்ணி குடிக்குது?" என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தை இருபத்திரண்டு. வண்டியைக் கழுவி, புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து, விருந்துக்கு இட்லிக்கென்று இரண்டு அண்டா மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முந்திரித் தோப்புகளைத் தாண்டி ஆண்டிமடத்தில் நுழைந்தபோது சூரியன் கிளம்பிவிட்டது. புது வீட்டு வாசலில் வாழைமரம். காதுகுத்தில் இருந்த முகங்கள் முக்கால்வாசி அங்கே இருந்தன. அறிவரசன் புது வேட்டியோடு வாசலில் நின்றான். வண்டியைப் பார்த்ததும் அவன் உள்ளேயும் போகவில்லை, முன்னேயும் வரவில்லை.

மலர்க்கொடி இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது, கிரைண்டர் சத்தத்தில் வளர்ந்த தொண்டை.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என் தம்பி எனக்குக் குடுத்தது நல்ல வண்டி. துரு கடல்லேருந்து வரல. நாந்தான் கதவு ஓட்டைய அடைச்சு, தண்ணியத் தேக்கி, தகரத்த இத்துப்போவ வெச்சேன். அவன் மேல பழியப் போட்டேன். அன்னிக்கிக் கூட்டத்துல சொன்னேன், இன்னிக்கும் கூட்டத்துல சொல்றேன்." முந்தானை முடிச்சிலிருந்து அந்தப் பசை உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அதோடு ஒரு ஈர்க்குச்சியையும் கொடுத்தாள். "அன்னிக்கிக் குனிஞ்சு பாக்க வந்த. நான் வுடல. இப்பப் பாருடா."

அறிவரசன் உருண்டையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல் தடத்தையும் அதன் குறுக்கே ஓடிய கோட்டையும் பார்த்தான். அந்த அரிவாள் வெட்டு விழுந்த நாளில் அவனுக்கு ஒன்பது வயது, துணி கிழித்துக் கட்டியது அவன்தான். புது வேட்டியோடு மண்ணில் முழங்காலைப் போட்டான். "ஏங்க, வேட்டி!" என்றாள் கலையரசி. அவன் கேட்கவில்லை. கதவின் அடியில் தலையை நுழைத்து, ஒவ்வொரு ரப்பர் நாக்கையும் ஈர்க்குச்சியால் தூக்கிப் பார்த்தான். காலையில் கழுவின தண்ணீர் உள்ளே கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும், அவன் உள்ளங்கையில் நாலு சொட்டு விழுந்தது. அவன் அந்தக் கையை வெளியே எடுத்து, வெயிலில் நீட்டிப் பார்த்தான்.

"ஒரு பொட்டுச் செவப்பு இல்லக்கா" என்றான்.

மலர்க்கொடி அவன் ஈரக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அதற்குள் உள்ளே போயிருந்த கலையரசி பால் குண்டானை ஏற்றி வைத்துவிட்டு, தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பு இன்னும் பற்ற வைக்கப்படவில்லை.